வயலில் நாட்டும் பெட்டியின் திறப்பு யார் கையில்?

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் கமம் செய்யும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், காலபோகத்துக்கு முன் எழும் முதற் கேள்வி ஒன்றுதான்: கட்டுக்கரைக்குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? அருவியாற்றுத் தண்ணீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து துருசுகள் திறக்கப்பட்டு முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. குளத்தருகே குடியிருப்பவர் அணைக்கட்டில் ஏறி நின்று பார்த்து விடையை அறிந்துகொள்வார். ஆனால் புத்தளத்திலோ வவுனியாவிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருந்து, போகத்துக்குப் போகம் வந்து விதைத்துவிட்டுப் போகும் குடும்பத்துக்கு அந்த விடை பிறர் வாய்வழியாகவே கிடைக்கிறது.

இந்த விடையை ஒரு சிறு பெட்டி சொல்லக்கூடும். நீர்மட்டம், மண்ணின் ஈரம், மழையின் அளவு, கிணற்று நீரின் உப்பு ஆகியவற்றை அளந்து, கம்பி எதுவும் இல்லாமல் வானலை வழியாக அனுப்பும் பெட்டிகள் உலகின் பல பாகங்களில் வயல்களிலும் மலைச்சரிவுகளிலும் நாட்டப்பட்டுள்ளன. அளக்கும் உறுப்பை 'உணரி' என்பர். பல பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிச் செய்தியைக் கடத்தும் ஏற்பாட்டைக் 'கம்பியில்லா உணரி வலை' என்பர். நாளை ஏதாவதொரு திட்டத்தின் பெயரால் இது எமது குளக்கட்டுக்கும் வரலாம். வருமுன் அதன் இயல்பை அறிந்துகொள்வதும், எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வதும் எமக்கு நல்லது. இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

தாமாக ஒழுங்கமையும் வலை

ஒரு பெட்டிக்குள் இருப்பவை நான்கு: அளக்கும் உணரி, சிறிய கணனி, வானலைக் கருவி, பற்றரி. ஆரம்பகாலப் பெட்டிகள் சில, ரோர்ச் லைற்றுக்குப் போடுவதைப் போன்ற இரண்டு சிறு பற்றரிகளிலேயே இயங்கின. பேசுவதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும்தான் அதிக மின்சாரம் செலவாகும். ஆகவே பெட்டி பெரும்பாலான நேரம் உறங்கும். குறித்த நேரத்தில் விழித்து அளந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடியும் உறங்கும்.

அதன் குரல் வெகுதூரம் கேட்காது. எனவே ஒவ்வொரு பெட்டியும் முதலில் "நான் இங்கே இருக்கிறேன், யார் இருக்கிறீர்கள்?" என்று கூப்பிடும். பதில் தரும் அயல் பெட்டிகளுள் செய்தி சேரும் நிலையத்துக்குக் கிட்டிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் மூலம் தன் செய்தியை அனுப்பும். அந்த அயற்பெட்டி பழுதானால் வேறொன்றைத் தேடிக்கொள்ளும். இன்ன பெட்டி இன்ன பெட்டியுடன் பேச வேண்டும் என்று எவரும் கட்டளையிட வேண்டியதில்லை. இதையே 'தாமாக ஒழுங்கமைதல்' என்கிறார்கள்.

இது எமக்குப் புதிய சங்கதி அல்ல. 1990 இலும், 2007 முதல் 2009 வரையும் இடம்பெயர்ந்து அலைந்த நாட்களில் யார் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் வீடு எரிந்தது என்ற செய்திகள் இப்படித்தான் ஆளிடமிருந்து ஆளுக்கு, முகாமிலிருந்து முகாமுக்குப் போயின. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வழியாகச் செய்தி சேர்ந்தது. ஆனால் அதே வழியால் வதந்தியும் வந்தது. சொன்னவர் உண்மையில் கண்டாரா, கேட்டதை மாற்றிச் சொன்னாரா, வேண்டுமென்றே பொய் சொன்னாரா என்று அறிய வழியிருக்கவில்லை. வதந்தியை நம்பிப் புறப்பட்டவர்களும் உண்டு, உண்மையை வதந்தி என்று தள்ளிவிட்டுத் தங்கியவர்களும் உண்டு. உணரி வலையின் பாதுகாப்பு என்பது இந்தப் பழைய பிரச்சினையேதான். வலை தானாகச் சேரும் வசதி இருக்கும் இடத்தில், வேண்டாதவரும் தானாக வந்து சேரும் வசதியும் இருக்கிறது.

மற்ற ஊர்கள் கற்ற பாடங்கள்

இத்தகைய வலைகள் எல்லாம் வெற்றி பெற்றன என்று எண்ண வேண்டாம். நெதர்லாந்தில் 2005 ஆம் ஆண்டு உருளைக்கிழங்குத் தோட்டமொன்றில் ஏறக்குறைய 100 பெட்டிகளை நாட்டினார்கள். பயிரைக் கருக்கும் பூஞ்சண நோய் எப்போது தாக்கும் என்று ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து அறிவதே நோக்கம். கிடைக்க வேண்டிய தரவில் ஏறக்குறைய 2 வீதம் மட்டுமே வந்து சேர்ந்தது என்று டெல்ஃப்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 இல் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். பெட்டிகளுக்குப் புதிய கட்டளைகளை வானலை வழியாக அனுப்பும் ஏற்பாடே ஓயாமல் இயங்கிப் பற்றரிகளைச் சில நாட்களில் தீர்த்துவிட்டது. தாக்க வந்த எதிரி எவரும் இல்லை. நிருவாகக் குறைகளே வலையை வீழ்த்தப் போதுமாயிருந்தன.

எமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் உண்டு. துமகூரு மாவட்டத்தில் பாவகடா தாலுகாவைச் சேர்ந்த சென்னகேசவபுரம் மழையை நம்பி நிலக்கடலை பயிரிடும் வரண்ட கிராமம். பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவகமும் சுவிற்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்ப நிறுவகமும் 2004 ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கு உணரி வலையொன்றை அமைத்தன. அவர்கள் முதலில் செய்த வேலை பெட்டி நாட்டுவதல்ல. சிறு விவசாயிகளிடம் போய், உங்களுக்கு எந்தச் செய்தி இல்லாமல் கஷ்டம் வருகிறது என்று விசாரித்தார்கள். பெட்டியை விற்க வருபவர் இந்த விசாரிப்பைச் செய்யாவிட்டால், அவருக்கு வேண்டியதைத்தான் அந்தப் பெட்டி அளக்கும்.

உயிர் காக்க நாட்டிய வலையும் உண்டு. கேரளத்தின் மூணாறில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அந்தோனியார் காலனியில் 2005 ஜூலையில் மண்சரிவு ஏற்பட்டு உயிர்கள் பலியாயின. அந்தச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் 2008 இல் உணரிகளை நிலத்துக்குள் ஆழமாக இறக்கியது. மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம், நிலத்தின் சாய்வு, மழையின் அளவு ஆகியவை அளக்கப்பட்டு, செய்மதி வழியாகக் கொல்லம் மாவட்டத்திலுள்ள அமிர்தபுரிக்குப் போயின. 2009 ஜூலையில் கடும் மழையின்போது அங்கிருந்து மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று யோசிப்போம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் அருவியாறு பெருகியபோது, ஆறு எப்போது எங்கே கரை உடைக்கும் என்பதே எல்லோர் கேள்வியாகவும் இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் நம்பத்தக்க உணரிகள் இருந்து, அவற்றின் செய்தி நேரே கிராமத்துக்கு வந்தால் மாடுகளையும் விதைநெல்லையும் மேட்டுக்கு ஏற்ற நேரம் கிடைக்கும். அதே வேளை, "உடனே வெளியேறுங்கள்" என்று ஒரு பொய்ச் செய்தியை எவராவது அந்த வலைக்குள் புகுத்தினால் என்ன நடக்கும்? அந்த வார்த்தையின் விலை என்னவென்று எமது குடும்பங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இரண்டு முறை பொய்யாகிப் போனால், மூன்றாம் முறை வரும் உண்மையான எச்சரிக்கையைக் கேட்டு எவரும் எழும்பப் போவதில்லை.

பெட்டியை ஏமாற்றும் வழிகள்

ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ள முறைகளை எமது வழக்கில் சொல்வோம்.

முதலாவது, பழைய செய்தியைப் புதியதாகச் சொல்லுதல். குளம் வான் பாய்ந்த நாளில் பெட்டி அனுப்பிய செய்தியைப் பதிந்து வைத்து, குளம் வற்றிய நாளில் மறுபடி ஒலிபரப்பினால் நிலையம் ஏமாறும்.

இரண்டாவது, ஒருவர் பலராக நடித்தல். ஒரே ஆள் பல குடும்ப அட்டை வைத்து நிவாரணம் எடுப்பதைப்போல, ஒரே பெட்டி பத்துப் பெயர்களில் பேசி, பத்துப் பெட்டிகள் சாட்சி சொல்வதாகக் காட்டும்.

மூன்றாவது, குறுக்குவழிக்காரன். "என் வழியாக அனுப்பினால் கெதியாய்ப் போகும்" என்று அறிவித்து, அயலிலுள்ள செய்திகளையெல்லாம் வாங்கி விழுங்கிவிடும் பெட்டி.

நான்காவது, உறங்கவிடாமை. ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பெட்டி விழித்திருந்தே பற்றரி தீர்ந்து சாகும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1999 இலேயே இதைக் குறித்து எச்சரித்தார்கள்.

ஐந்தாவது, கூச்சல் போடுதல். அதே அலைவரிசையில் பெரிய இரைச்சலை எழுப்பினால் எவர் பேச்சும் எவருக்கும் கேட்காது.

ஆறாவது, எல்லாவற்றிலும் எளியது. மண் ஈரத்தை அளக்கும் உணரியின் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும், வயல் நனைந்திருப்பதாகப் பெட்டி நேர்மையாகவே அறிக்கையிடும். இதற்கு எந்தக் கணனிப் பூட்டும் உதவாது. துருசடியில் கண்ணால் பார்க்கும் அளவுகோலும், அதை நாள்தோறும் வாசித்துக் கொப்பியில் எழுதும் ஒரு மனிதரும் இருந்தால்தான் பெட்டியின் பொய் பிடிபடும்.

திறப்புகள் எவ்வாறு வேலை செய்கின்றன?

இங்கே திறப்பு என்பது இரும்பால் ஆனதல்ல. அது ஒரு நீண்ட இரகசிய இலக்கம். அந்த இலக்கத்தைக் கொண்டு பெட்டி தன் செய்தியைப் பூட்டி அனுப்பும். அதே இலக்கம் உள்ளவர் மட்டுமே திறந்து வாசிக்கலாம். அதே இலக்கத்தால் செய்திக்கு ஒரு முத்திரையும் இடலாம். வழியில் ஒரு சொல்லை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. இதோடு பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் உள்ளதுபோல ஒவ்வொரு செய்திக்கும் தொடர் எண் இட்டால், பழைய செய்தியை மறுபடி கொண்டுவருபவர் உடனே அகப்படுவார். இவ்வளவையும் மிகச் சிறிய கணனியிலும் செய்யலாம் என்பதைக் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வாளர்கள் 2001 இல் செய்து காட்டினார்கள்.

ஆனால் காவலில்லாத வயலில் நிற்கும் பெட்டியை எவரும் பிடுங்கிக்கொண்டு போகலாம். உள்ளே திறப்பு இருக்கிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே திறப்பைக் கொடுத்திருந்தால், ஒன்று களவுபோனதும் முழு வலையும் களவுபோனதற்குச் சமம். 2002 இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் எஷனோவர், கிளிகோர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பெரிய திறப்புக் கோர்வையிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி திறப்பை எடுத்துக் கொடுப்பது. அயலயலே நிற்கும் இரு பெட்டிகளிடம் பொதுவான ஒரு திறப்பு இருந்தால் அதைக் கொண்டு பேசிக்கொள்ளும். ஒரு பெட்டி தொலைந்தால் அதனிடமிருந்த திறப்புகளை மட்டும் செல்லாதவை என்று அறிவித்துவிட்டு, மற்றவை வேலையைத் தொடரும்.

இப்போது லோரா என்ற முறையும் பரவலாகப் பாவனையில் உண்டு. அதன் குரல் பல கிலோமீற்றர் போகும். பெட்டிகள் தம்முள் கைமாற்றாமல் உயரமான ஓரிடத்திலுள்ள நிலையத்துடன் நேரே பேசும். இதில் நாம் கவனிக்க வேண்டியது அதன் இரட்டைத் திறப்பு ஏற்பாடு. ஒரு திறப்பு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு, மற்றது செய்தியை வாசிப்பவருக்கு. தபாற்காரர் கடிதத்தை உடைத்துப் பார்க்காமல் கொடுப்பதுபோல, கடத்துபவருக்கு உள்ளே இருப்பது தெரியாமல் வைத்துக்கொள்ள முடியும். வாசிக்கும் திறப்பு கமக்காரர் அமைப்பிடமும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்டால், அது நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது.

எவ்வளவு நல்ல பூட்டாயினும், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் பயனில்லை. 2016 இல் 'மிராய்' என்ற தீய நிரல், இப்படி மாற்றாமல் விடப்பட்ட கடவுச்சொற்களைப் பாவித்தே உலகெங்கும் இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கமராக்களையும் வீட்டு இணையக் கருவிகளையும் தன்வசப்படுத்தியது. கருவிகளை வாங்கியவர்களில் பலருக்கு அப்படியொரு கடவுச்சொல் இருப்பதே தெரியாது.

அன்றாடப் பராமரிப்பு

மன்னாரின் காற்றையும் உப்பையும் அறிந்தவர்களுக்கு இரும்பு ஆணி எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். வங்காலையிலும் பேசாலையிலும் கடற்காற்றுக்கு நிற்கும் பெட்டியின் இணைப்புகள் துருப்பிடிக்கும். சூரியத் தகட்டில் மணலும் பறவை எச்சமும் படியும். எறும்பு உள்ளே குடிபுகும். மாடு உரசித் தள்ளும். பயிர் வளர்ந்ததும் இலைகளின் ஈரம் வானலையைத் தடுக்கும். விதைக்கும்போது நன்றாகப் பேசிய பெட்டி கதிர் வரும்போது ஊமையாகலாம்.

எனவே பெட்டியின் விலையை மட்டும் கேட்பது போதாது. மாதம் ஒருமுறை துடைப்பவர் யார், பற்றரி மாற்றப் பணம் எங்கிருந்து வரும், மேலதிகப் பெட்டிகள் எத்தனை, திட்டம் முடிந்து வாகனங்கள் போன பின்பு திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருப்பாரா என்பவையே முக்கியமான கேள்விகள். ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு, எங்கே நாட்டப்பட்டது, கடைசியாக எப்போது பேசியது, யார் திறந்து பார்த்தார் என்று எழுதும் ஒரு பதிவுக் கொப்பி வேண்டும். அமைதியாகிவிட்ட பெட்டி பற்றரி தீர்ந்து அமைதியானதா, பிடுங்கப்பட்டதா என்பதை அந்தக் கொப்பியைக் கொண்டுதான் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றிய நிலத்துக்குத் திரும்பியவர்கள் நாம். மண்ணுக்குள் அறிமுகமில்லாத பெட்டியைக் கண்டால் பிள்ளைகள் தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள். ஆகவே எந்தப் பெட்டியும் ஊருக்குத் தெரியாமல் புதைக்கப்படக்கூடாது. அது என்ன, யாருடையது, என்ன அளக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அடையாளம் வெளியே தெரிய வேண்டும்.

அளந்தது யாருடையது?

இதுவரை சொன்னவை வெளியாளிடமிருந்து வலையைக் காக்கும் வழிகள். ஆனால் வலையை நாட்டியவரே தரவைத் தமக்கென வைத்துக்கொண்டால்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. முசலிப் பிரிவில் 1990 இல் வெளியேற்றப்பட்ட மக்கள் பல ஆண்டுகள் திரும்ப முடியாதிருந்தனர். ஆளில்லாத இடத்தில் காடு வளர்ந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற் காடு அறிவிக்கப்பட்டது. அதற்குள் தாம் குடியிருந்த, பயிர் செய்த காணிகள் அகப்பட்டிருப்பதாகத் திரும்பிய மக்கள் முறையிட்டார்கள். நிலம் வெறுமையாய்க் கிடந்தது என்பதற்கும், ஏன் வெறுமையாய்க் கிடந்தது என்பதற்கும் உள்ள வித்தியாசமே அந்த முறைப்பாட்டின் உயிர்.

மண் ஈரத்தை அளக்கும் பெட்டி இரண்டு வருடம் நீர் பாயவில்லை என்று மட்டும் சொல்லும். காணிக்காரர் ஏன் வரவில்லை என்று சொல்லாது. அந்த இலக்கத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர், "இங்கே எவரும் கமம் செய்யவில்லை" என்று எழுதக்கூடும். அதே இலக்கம் எம் கையிலும் இருந்தால், இன்ன போகத்தில் இன்ன வாய்க்காலில் தண்ணீர் வராததால் விதைக்கவில்லை என்று காட்ட அதுவே சாட்சியாகும். திறப்பு யார் கையில் என்ற கேள்வி இவ்விதமே காணிக் கேள்வியாகிறது.

மன்னார்த் தீவில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள் உள்ளன. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். தமது நிலத்தையும் நிலத்தடி நீரையும் பற்றி யார் அளந்தார்கள், என்ன கண்டார்கள், எமக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி இத்தகைய பிணக்குகளில் எப்போதும் எழுகிறது. அளப்பவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் வேறொருவராகவும் இருக்கும்வரை அது எழும்.

இதற்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்காரர் அமைப்பு, உடன்படிக்கை செய்யும் ஒரு தரப்பாக நிற்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகம் ஒன்றின் கையிலுள்ள நீர்மட்டக் கணக்கைக் கேட்டு எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். தகவல் உத்தியோகத்தர் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். இதற்குக் கணனி அறிவு தேவையில்லை. ஒரு கடதாசியும், ஒரு கையொப்பமும், திகதியைக் குறித்து வைக்கும் பழக்கமும் போதும்.

பெட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மயங்கவும் வேண்டியதில்லை. வட்டவிதானை வாய்க்காலைத் திறப்பதை நாலு பேர் பார்த்திருக்கச் செய்ய வேண்டும் என்று எமது முன்னோர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். புதிய பெட்டிக்கும் அதே நாலு பேர் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் எந்தச் செய்தி நேரத்துக்குக் கிடைக்காததால் கடந்த போகத்தில் நட்டம் ஏற்பட்டது? அதை ஒரு பெட்டி தீர்க்குமா, அல்லது ஒரு ஆளும் ஒரு தொலைபேசியும் போதுமா?

2. வெள்ள எச்சரிக்கை வந்தால் அது மெய்யா என்று உறுதிசெய்ய, ஆற்றின் மேற்பகுதிக் கிராமத்தில் யாருடன் தொடர்பு வைத்திருக்கிறோம்?

3. உணரித் திட்டம் ஒன்று வந்தால் வாசிக்கும் திறப்பு, பதிவுக் கொப்பி, பராமரிப்புப் பணம் ஆகிய மூன்றையும் யாரிடம் ஒப்படைப்போம்? ஊரில் இன்னும் வந்து குடியேறாத குடும்பங்கள் அந்தத் தீர்மானத்தில் எவ்விதம் பங்குகொள்ளும்?

4. எமது குளத்தின் நீர்மட்டத்தை இன்று யார் எழுதி வைக்கிறார்? கடைசியாக எழுதிய திகதி எது?